பாலைவனப் படத்தின் முதுகு

பீளமேட்டில் நான் கடைசியாக வேலை பார்த்த பிரேம் யூனிட்டில் இப்போது பசை வாளி கிடையாது. படத்தைத் துணியிலேயே அச்சடிக்கிறார்கள், கட்டையில் இழுத்துப் பிடித்து ஸ்டேப்ளர் பின் அடிக்கிறார்கள், பெட்டியில் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். வாங்குகிறவர் முகத்தைப் பார்க்கவே வேண்டியதில்லை. ஆனால் படங்கள் மாறவில்லை. நான் தொழிலுக்கு வந்த புதிதில் விற்ற அதே படங்கள்தான்: தாள் முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கும் ஒற்றைப் பூ, ஆள் அரவமில்லாத செம்மண் பாலைவனம்.

ஓய்வு பெற்றுக் கிளம்பின அன்றைக்கு, கூட வேலை பார்த்த பிள்ளைகள் கேக் வெட்டினார்கள். "அண்ணா, மறக்கவே முடியாத ஆர்டர் எதுங்ணா? எழுதிக் குடுங்க, நம்ம குரூப்புல போடறோம்" என்றார்கள். எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து ஒரு மாதமாகப் பேனாவைத் தொடவில்லை. பெரிய மனிதர் பங்களாவில் படம் மாட்டின கதையை எதிர்பார்த்துக் கேட்டிருப்பார்கள். என்னால் மறக்க முடியாதது ஆனைமலையிலிருந்து வந்த ஒரு அம்மாவின் படம். எழுத வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்டுவிட்டார்கள்.

எனக்குத் தாராபுரத்துக்குப் பக்கத்துக் கிராமம். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். எட்டாவது படிக்கும்போதே எங்கள் தெருவுக்கு வரும் கடிதமெல்லாம் என் கைக்குத்தான் வரும். சத்தமாகப் படித்துக் காட்டுவேன். கெட்ட சேதி இருந்தால் கொஞ்சம் மெதுவாக்கிச் சொல்வேன். மாடு செத்துவிட்டது என்று எழுதியிருந்தால், "மாட்டுக்கு ஒடம்பு சரியில்லையாமா" என்பேன். பக்குவமான பையன் என்று பேர் வாங்கினேன். அந்தப் பேர் எனக்குப் பிடித்துப் போயிற்று. அங்கேதான் தப்பு ஆரம்பித்தது என்று இப்போது நினைக்கிறேன்.

பி.ஏ. முடித்துவிட்டுத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோயமுத்தூர் வந்தேன். மனுப்போட்ட இடத்திலிருந்தெல்லாம் பதில் வராமல் போகவே, கோட்டைமேட்டில் காசிம் பாய் பிரேம் கடையில் சேர்ந்தேன். கண்ணாடி வெட்டினேன், விரலை வெட்டிக்கொண்டேன், மூலை சேர்க்கக் கற்றேன். இரண்டு வருடம் ஓடிவிட்டது.

காசிம் பாய் யாரையும் திட்டமாட்டார். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். அவருக்கு நான் எப்போதும் "ஏப்பா". தப்புச் செய்த நாளில் மட்டும் "சார்". "சார் வெட்டுன கண்ணாடி கால் இஞ்ச் கொறையுதுங்க சார்" என்பார். கடையில் எல்லாருக்கும் அது செருப்படியை விட மோசம் என்று தெரியும். முடிந்த வேலையைச் சரிபார்க்கிற விதமும் தனி. முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். திருப்பிப் போட்டு, விரல் முட்டியால் அட்டையைத் தட்டிக் கேட்பார், மூலையை மோந்து பார்ப்பார்.

"மொகத்த வாங்கறவன் பாத்துக்குவான். நாம முதுகப் பாக்கோணும்" என்பார்.

பசை போடுவதற்கும் அவர் ஒரு முறை வைத்திருந்தார். மைதா மாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்கத் துளி மயில்துத்தம் போட்ட பசை. சுருட்டி வந்த படத்தைக் குப்புறப் போட்டு, நாலு மூலையிலும் ஈயக்கட்டி வைத்து, படத்தின் முதுகில் பசை தடவ வேண்டும். பிறகு அட்டையை மேலே கவிழ்த்து, மொத்தத்தையும் திருப்பி, உருளையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ள வேண்டும். ரொம்ப நேரம் பிடிக்கும். ஆனால் அப்படிச் செய்தால் ஒவ்வொரு படத்தின் முதுகையும் பார்க்காமல் இருக்க முடியாது. சனங்கள் படத்துக்குப் பின்னால் என்னென்னவோ குறித்து வைப்பார்கள். பிள்ளை பிறந்த நேரம், யாருடைய விலாசமோ. ஒரு தடவை ஒரு சாமி காலண்டரின் பின்னால் பங்காளிகள் பிரித்துக்கொண்ட தோட்டத்து எல்லையே வரைந்திருந்தது. பாய் அதற்கு மட்டும் பசை போடாமல் ஆணியடித்துக் கொடுத்தார்.

அந்தச் சமயத்தில்தான் இந்தப் பூவும் பாலைவனமும் வந்து சேர்ந்தன. பம்புசெட்டிலும் பனியனிலும் சம்பாதித்தவர்கள் புது வீடு கட்டினார்கள். ஹாலில் சாமி படத்துக்கும் தாத்தா படத்துக்கும் எதிர்ச் சுவரில் "மாடர்ன் ஆர்ட்" ஒன்று இருக்க வேண்டும் என்று இஞ்சினியர்கள் சொல்லிவிட்டார்கள். வெளிநாட்டு ஓவியங்களின் அச்சுப் பிரதிகள் பம்பாயிலிருந்து குழாய் குழாயாக வந்து இறங்கும். ஓரத்து வெள்ளையில் பொடி எழுத்தில் இங்கிலீஷ் இருக்கும். கடையில் அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்.

"ஏனுங்க தம்பி, இதுக்கு என்னுங்க அர்த்தம்?" என்று யாராவது கேட்டால் போதும். வேலையை அப்படியே போட்டுவிட்டு வருவேன். பூவைக் காட்டி, "நாம தெனமும் பாக்கறதுதாங்க. கிட்டக்கப் போயி பாக்கறதில்ல. ஓவியர் நம்மளக் கிட்டக்கக் கூட்டிட்டுப் போறாருங்க" என்பேன். பாலைவனத்தைக் காட்டி, "இது தனிமைங்க" என்பேன். ஓரத்தில் அப்படியெல்லாம் ஒன்றும் எழுதியிருக்காது. பாதிக்கு மேல் நானாகச் சொல்வதுதான். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள்.

எல்லாரும் தலையாட்டிவிடவும் இல்லை. மகனோடு வந்த ஒரு பெரியவர் பாலைவனத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதுக்கு எதுக்குடா கண்ணாடி? மூலனூர்ல காஞ்சு கெடக்கற உங்க மாமன் காட்டுப் பக்கம் சன்னல் ஒண்ணு வெச்சாப் போதாதா?" என்றார். கடையே சிரித்தது. அவர் மகன் பூப் படத்தை வாங்கிக்கொண்டு போனான்.

ஆர்டர் குவிந்தது. படித்தவன் என்ற நினைப்பில் பசை போடுவதில் நான் ஒரு சுருக்கு வழி கண்டுபிடித்தேன். பசையைப் படத்தில் தடவாமல் அட்டையில் தடவினேன். சுருளின் ஒரு நுனியை அட்டையின் ஓரத்தில் வைத்து, படத்தின் முகம் மேலே இருக்க, விரித்துக்கொண்டே உருளையை ஓட்டினேன். பாய் ஒன்று முடிக்கும் நேரத்தில் நான் நாலு முடித்தேன். அவர் வந்து பார்த்தார்.

"முதுகு?"

"புதுப் படங்களுங்க பாய். பம்பாய்ல இருந்து வருது. பின்னால என்ன இருக்கப்போகுது?"

அவர் கண்ணாடி வெட்டும் மேசைக்குத் திரும்பிப் போய்விட்டார். ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

அந்த அம்மா வந்தது ஒரு பங்குனி மாத வெயிலில். ஐம்பது வயது இருக்கும். நூல் சேலை, கையில் ஒயர்க் கூடை. கூடையில் சுருட்டின படம் ஒன்று நின்றுகொண்டிருந்தது. அப்போது நான் பீளமேட்டிலிருந்து காரில் வந்த ஒரு தம்பதிக்குப் பூக்களின் அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தேன். கிரகப்பிரவேசத்துக்குப் பன்னிரண்டு படம், நாலு நாளில் வேண்டும். அந்த அம்மா ஒதுங்கி நின்று, அவர்கள் போகும்வரை காத்திருந்தார். அவர்கள் போவதாக இல்லை.

"கண்ணு, ஒரு நிமுசம். இதுக்குக் கண்ணாடி போடோணும்" என்று படத்தைப் பாதி விரித்தார். செம்மண் மேடு, ஒரு பட்ட மரம், மேலே வெறும் வானம். எங்கள் கடையிலும் விற்கிற படம்தான். "எம்புள்ள அனுப்பிச்சது. பட்டாளத்துக்காரரக் கட்டிட்டு வடக்க போயிட்டா. அவிய இருக்கற ஊரு இப்படித்தான் இருக்குமாமா."

குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்கூட்டுக்காரரு அவ கடுதாசின்னாப் பிரிக்காமயே கிழிச்சுப்போடுவாரு. நாலு வருசமாச்சு. இது படம்ங்காட்டிக் கிழிக்காம, ஒண்ணுமில்லாத காட்டுக்கு ஒரு படமான்னு மூலைல வீசிட்டாரு. நா எடுத்துப் பாத்தா, பின்னால பூராவும் எழுதியிருக்கறா. எனக்குப் படிக்கத் தெரியாது. ஊருல யாருகிட்டயாச்சும் குடுத்தா அவரு காதுக்குப் போயிரும். மாசாணியம்மன் கோயிலுக்குன்னு சொல்லிப்போட்டுப் பஸ் ஏறி வந்துட்டேன். நீ படிச்சுச் சொல்லீரு கண்ணு, அப்பறம் கண்ணாடி போடு."

படத்தைத் திருப்பிக் காட்டினார். ஊதா மையில் நெருக்கமான எழுத்து. "அன்புள்ள அம்மாவுக்கு" என்ற முதல் வரி கண்ணில் பட்டது. காருக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"வெச்சுட்டுப் போங்கம்மா. நிதானமாப் படிச்சு வெக்கறேன். அடுத்த வாரம் வாங்க, முழுசாச் சொல்றேன்."

"மறந்துபோடாத கண்ணு."

"எப்படிங்கம்மா மறப்பேன்?"

சீட்டில் அளவு எழுதினேன், தேக்குச் சட்டம் என்று எழுதினேன். பின்னால் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும் என்று எழுதவில்லை. படத்தைச் சுருட்டி, பன்னிரண்டு பூக்கள் இருந்த அதே தட்டில் வைத்தேன். அடுத்த நாள் பதிமூன்றையும் ஒரே மூச்சில் ஒட்டி முடித்தேன். உருளை ஓடின ஓட்டம் இன்னும் கையில் இருக்கிறது. பாலைவனம் சுருக்கமே இல்லாமல் படிந்தது. அழகாக வந்திருக்கிறது என்று நினைத்தது கூட ஞாபகம் இருக்கிறது.

சொன்ன நாளில் அவர் வந்தார். பேப்பர் சுற்றி வைத்திருந்த படத்தை எடுத்துக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். "இப்பச் சொல்லு கண்ணு. என்ன எழுதியிருக்கறா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இரண்டு வார்த்தையில் முடிந்திருக்கும். "மறந்து ஒட்டிட்டேங்கம்மா" என்று சொல்லியிருந்தால், பாய் அன்றைக்கே ஈரத்துணி போட்டு எடுத்திருப்பார். ஆனால் அந்த அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் தெருவில் அப்படிப் பார்த்த முகங்கள் எனக்குப் பழக்கம். வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நல்லா இருக்காங்களாமா. உங்களத்தான் நெனச்சுட்டே இருக்காங்களாமா. ஒடம்பப் பாத்துக்கச் சொல்லி எழுதியிருக்காங்க. அப்பாவுக்குக் கோவம் தணியட்டும்னு எழுதியிருக்காங்க."

"வாரேன்னு எழுதியிருக்கறாளா?"

சும்மா இருந்திருக்கலாம்.

"அடுத்த வருசம் லீவு கெடைக்குமாமா. அப்ப வாரேன்னு எழுதியிருக்காங்க."

"அடுத்த வருசமா..." விரல் விட்டு மாதங்களை எண்ணினார். "சரி. அடுத்த வருசம். இன்னொருக்காச் சொல்லு கண்ணு, மொதல்ல இருந்து." மறுபடியும் சொன்னேன். இரண்டாம் தடவை இன்னும் நன்றாக வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூடையிலிருந்து கோயில் குங்குமத்தை எடுத்து என் நெற்றியில் வைத்துவிட்டுப் போனார்.

கண்ணாடி மேசையிலிருந்து பாய் தலையைத் தூக்கினார். "முதுகப் பாத்தியாப்பா?"

"பாத்தேனுங்க பாய்."

வைகாசி கடைசியில் ஒரு நாள் வெள்ளை வேட்டி கட்டின ஒருவர் அந்தப் படத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். அந்த அம்மாவின் வீட்டுக்காரர். மேசையில் படத்தை வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு தபால் கார்டை எடுத்தார்.

"எம்புள்ள போட்டிருக்கறாளுங்க. கார்டுங்காட்டிக் கிழிக்கறதுக்கு முன்னாலயே கண்ணுல பட்டுப்போச்சு. ஸ்டேசன்ல காத்துட்டிருந்தேன், யாரும் வல்ல, படத்துக்குப் பின்னால அத்தன எழுதியும் நீங்க வல்ல, இனிமே எழுதமாட்டேங்கறா. இதென்ன சங்கதின்னு எஞ்சம்சாரத்தக் கேட்டேன். பிரேம் கடைத் தம்பி படிச்சுச் சொல்லுச்சு, அடுத்த வருசம் வாரான்னுதான் இருக்குதுங்கறா. அவ பொய் சொல்றவ இல்லீங்க. எம்புள்ளயும் சொல்லமாட்டா. எனக்குப் படிக்கத் தெரியும். நா எங்கண்ணுல பாக்கோணும்."

பாய் என்னைப் பார்க்கவில்லை. படத்தைத் திருப்பி ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். கண்ணாடியைத் தனியே எடுத்து வைத்தார். பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து படத்தின் மேல் விரித்து, அது ஊறும் வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வந்தவருக்கு டீ சொன்னார். அரைமணி கழித்து மெல்லிய மூங்கில் சிம்பை ஓரத்தில் விட்டு, தோசையை எடுக்கிற மாதிரி நூல் நூலாகத் தூக்கினார். தாள் கிழியாமல் வந்தது. ஆனால் அதன் முதுகில் மை கரைந்து ஊதாத் தேமலாகப் பரவியிருந்தது. பாதி எழுத்து அட்டையில் இறங்கியிருந்தது, இடம் வலம் மாறி.

பாய் விற்பனைக்கு வைத்திருந்த முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைக் கொண்டு வந்து அட்டைக்கு எதிரே நிறுத்தினார்.

"சார் படிங்க" என்றார்.

நான் படித்தேன். தாளிலிருந்து ஒரு சொல், கண்ணாடியிலிருந்து ஒரு சொல். முதல் பத்து வரிகள் போய்விட்டிருந்தன. நடுவில் தேதி தெரிந்தது. சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயமுத்தூர் ஸ்டேஷன், காலை வண்டி. "மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருப்பேன். அப்பா வராட்டிப் பரவாயில்லை, நீ மட்டும் வந்து கூப்பிடு. நீ கூப்பிட்டால்தான் நம் வீட்டுக்கு வருவேன். இல்லாவிட்டால் அப்படியே சேலத்துக்கு அவர் வீட்டுக்குப் போய்விடுவோம்." அதற்குக் கீழே ஒரு வரி முழுதாக இருந்தது. "பாப்பாவுக்கு எட்டு மாதம். அப்பா ஜாடை."

தாளைக் கீழே வைத்தேன். அந்த ஸ்டேஷனுக்கு எங்கள் கடையிலிருந்து நடந்தே போய்விடலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் டவுன்ஹால் பக்கம் சட்டை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"பாப்பாவா?" என்றார் அவர். கண்ணாடியை வாங்கி அந்த வரியைத் தானே படித்தார். அடி விழும் என்று நின்றேன். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"படிச்சவிய பாத்துச் சொல்லோணுமுங்க தம்பி" என்றார். அவ்வளவுதான். பிறகு பாயிடம் திரும்பி, "எஞ்சம்சாரத்துகிட்ட நா ஒண்ணும் சொல்லிக்கலீங்க. சொன்னா, நீ கடுதாசியக் கிழிக்காம உட்டிருந்தா அவ எதுக்குப் படத்துக்குப் பின்னால எழுதறான்னு கேப்பா. அது நெசந்தானுங்களே" என்றார். ஒரு இன்லண்ட் லெட்டர் வாங்கி வரச் சொல்லி, எங்கள் மேசையிலேயே உட்கார்ந்து மகளுக்கு எழுதினார். கார்டிலிருந்த விலாசத்தை நிறுத்தி நிதானமாகப் பார்த்து எழுதினார். போகும்போது என்னிடம், "எஞ்சம்சாரம் என்னிக்காவது இந்தப் பக்கம் வருவா. நீங்களே சொல்லீருங்க தம்பி. அது உங்க வேலை" என்றார்.

பாய் அந்தப் படத்துக்குப் பசை போடவில்லை. மேல் ஓரத்தில் மட்டும் துணிப்பட்டை ஒட்டி, பின்னட்டையைத் திறந்து மூடுகிற மாதிரி கொக்கி வைத்துக் கொடுத்தார். அடுத்த தீபாவளி வரை என்னை "சார்" என்றே கூப்பிட்டார். நானாகவே பழைய முறைக்குத் திரும்பினேன். பசை வேலை இருந்தவரை முதுகில்தான் பசை போட்டேன்.

அடுத்த வருடம் சித்திரையில் அந்த அம்மா வந்தார். கூடவே மகள், மகள் இடுப்பில் ஒரு குழந்தை. எழுதியிருந்த மாதிரியே தாத்தா ஜாடைதான். கடைக்குள் நுழையும்போதே அம்மாவின் குரல் கேட்டது.

"இந்தத் தம்பிதான் அம்மிணி! நா சொன்னனே. நீ எழுதினத அப்படியே படிச்சுச் சொல்லுச்சு. அடுத்த வருசம் வருவான்னுச்சு. சொன்னாப்லயே வந்துட்ட பாரு!"

மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். என் வயதுதான் இருக்கும். அவள் அப்பா என்ன எழுதினார், எவ்வளவு எழுதினார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் தான் எழுதியது அவளுக்குத் தெரியும். கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த அந்த ஞாயிற்றுக்கிழமையும் தெரியும்.

"அடுத்த வருசம் வாரேன்னா எழுதியிருந்தேனுங்க?" என்று கேட்டாள்.

இதுதான் அந்த வீட்டுக்காரர் சொல்லச் சொல்லிவிட்டுப் போன சமயம். அம்மா என்னைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி மேசையில் பாயின் கை நின்றுவிட்டது.

"ஆமாங்க" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். "இருக்குமுங்க. நா எழுதினது எனக்கே மறந்துபோச்சு" என்றாள். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து மேசையில் வைத்தாள். தாத்தா மடியில் குழந்தை. "இதுக்குக் கண்ணாடி போடோணுமுங்க. ஊட்டுல அந்தக் காட்டுப் படத்துக்குப் பக்கத்துல மாட்டறதுக்கு."

சீட்டு எழுதினேன். அந்த அம்மாவிடம் அன்றைக்கும் சொல்லவில்லை. மற்றொரு நாளும் சொல்லவில்லை. இப்போது அவர் இருக்கிறாரோ இல்லையோ தெரியாது. இருந்தாலும் இதை அவருக்கு வேறு யாராவதுதான் படித்துக் காட்ட வேண்டும்.

அவர்கள் கடையை விட்டு இறங்கினதும் அந்தப் போட்டோவைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இன்னொரு தடவை பார்த்தேன்.